இலக்குக்குப் பின்னால் இருக்கும் நிலம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் பழைய தூண்களைக் கடந்து வடக்கே திரும்பினால், எண்ணூர் முகத்துவாரம் வரை சாலை கடலை விட்டு அதிகம் விலகுவதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம், கருங்கல் கொட்டிய கரை, துறைமுக வாசலுக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள், திருவொற்றியூர்த் தேரடி, தொழிற்சாலை மதில்கள், கடைசியில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் கழிமுகம். இந்த வழியில் போகும்போது தொலைதூரத் துப்பாக்கி சுடுதல் என்ற விளையாட்டைப் பற்றி எண்ணுவதற்குக் காரணங்கள் உண்டு. தமிழர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பேசிவரும் ஒரு தொலைதூரக் குறிபார்ப்பு இந்தக் கரையில்தான் நடந்தது. அந்த விளையாட்டின் பெயர்பெற்ற துப்பாக்கியோடு பெயரைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தொழிற்சாலை திருவொற்றியூரில் இருக்கிறது. அந்த விளையாட்டுக்கு உயிரான காற்று நாள் முழுக்க இங்கே வீசிக்கொண்டிருக்கிறது. இத்தனை இருந்தும் அந்த விளையாட்டுக்கு இங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது என்பதே என் கட்சி. அதனால் வடசென்னைப் பிள்ளைகள் துப்பாக்கி சுடுதலையே மறந்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அதற்கு நேர்மாறாகச் சொல்லவே இவ்வளவும்.

முதலில் விளையாட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். காமன்வெல்த் நாடுகளில் வளர்ந்த ‘ஃபுல்போர்’ போட்டியில் 300 கஜத்தில் தொடங்கி 1000 கஜம் வரை போவார்கள். 1000 கஜம் என்றால் 914 மீட்டர். மெட்ரோவில் காலடிப்பேட்டைக்கும் தேரடிக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். சுடுபவர் குப்புறப் படுத்து, இடது கையைத் தோல்வாரால் துப்பாக்கியோடு இறுக்கிக்கொண்டு, உருப்பெருக்கும் கண்ணாடி இல்லாத துளைக்குறி வழியே பார்க்கிறார். உலக அளவிலான ‘பால்மா’ போட்டியில் அந்த 914 மீட்டருக்கு அப்பால் முழு மதிப்பெண் தரும் வட்டத்தின் குறுக்களவு 20 அங்குலம். விநாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும் தோட்டா அங்கே போய்ச் சேர ஒன்றரை விநாடி எடுக்கிறது. அதற்குள் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் ஒரு பக்கக்காற்று அதை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். முகத்தில் மெதுவாகப் படும் காற்றுத்தான் அது. ஆனாலும் குறியை அதற்கேற்ப நகர்த்தாதவர் பலகையையே தவறவிடுவார். ஆகவே பக்கத்தில் நிறுத்திய தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்பாகக் குவித்து, நிலத்தின் மேல் ஓடும் கானலைப் பார்க்கிறார்கள். கானல் வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறதா, வேகம் குறைகிறதா, உலைநீர் போல நேரே மேலெழுந்து கொதிக்கிறதா என்று கவனிக்கிறார்கள். கொதிக்கும் கானல்தான் மோசமானது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அது சொல்லாது. குறியில் ஒரு ‘கிளிக்’ திருப்பினால் அந்தத் தூரத்தில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் நகரும். எத்தனை கிளிக் திருப்புவது, திருப்பிய பின் சுடுவதா பொறுப்பதா என்ற முடிவில்தான் போட்டி இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு, பலகைக்குப் பின்னால் எழுப்பிய மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் குழியில் இருப்பவர்கள் பலகையை இறக்கி, துளையில் ஒரு வட்டக் குறியைச் செருகி, மறுபடி மேலே ஏற்றிக் காட்டுவார்கள்.

இந்த விளையாட்டின் அழகை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கண், விரல், மூச்சு, பொறுமை ஆகியவற்றோடு ஊரின் காற்றையும் படிக்கச் சொல்லும் விளையாட்டுகள் அதிகம் இல்லை. ஆனால் அந்த மண்மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வியை இந்த விளையாட்டின் வரலாறே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. 7.62 மில்லிமீட்டர் தோட்டா எதிலும் படாமல் போனால் நான்கு கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்கும். மேட்டைத் தாண்டிய ஒன்று, கல்லில் பட்டுத் தெறித்த ஒன்று, விரல் முந்திய ஒன்று என எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள, ஆள் நடமாட்டமில்லாத நிலம் பின்னால் விரிந்து கிடக்க வேண்டும். இங்கிலாந்தின் தேசிய ரைஃபிள் சங்கம் 1860இல் லண்டனை அடுத்த விம்பிள்டன் வெளியில் முதல் போட்டியை நடத்தியது. 400 கஜத்துக்கு அப்பால் இருந்த பலகையை நோக்கி முதல் குண்டை விக்டோரியா மகாராணி சுட்டார். முப்பது ஆண்டுகளில் துப்பாக்கியின் ஆற்றல் கூடியது, நகரமும் நெருங்கி வந்தது. 1890இல் போட்டி பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. நியூயார்க்கை அடுத்த க்ரீட்மூரின் கதையும் அதுதான். 1876இல் முதல் பால்மா போட்டி நடந்த அந்தப் புகழ்பெற்ற தளத்தை அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம் 1890இல் மாநில அரசிடமே திருப்பிக் கொடுத்தது. பின்னாளில் அங்கே மனநல மருத்துவமனை வந்தது. ராணி முன்னின்று தொடங்கிய விளையாட்டுக்கே நகரத்தின் அருகில் நிலம் நிலைக்கவில்லை. ஒலிம்பிக்கும் இதே திசையில்தான் வந்தது. 1000 கஜப் போட்டி 1908இல் ஒரே ஒரு முறை நடந்தது. 300 மீட்டர் 1972 மியூனிக்கோடு நின்றது. இன்று ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் மிஞ்சியிருப்பவை 50 மீட்டரும் 10 மீட்டரும்.

இனி இந்தக் கரைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி நின்று தேடுவிளக்கைப் போட்டது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் குறி, கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரைமணிக்குள் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளிலிருந்து சுமார் 130 குண்டுகள் வந்தன. இரண்டு தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலில் இருந்த சிலர் இறந்தார்கள். கரையிலிருந்து திருப்பிச் சுட்ட பீரங்கிகளின் குண்டுகள் எம்டனைத் தொடவில்லை. இந்தச் சம்பவத்தை எம்டனின் துணிச்சலாகவும் குறி தவறாத திறமையாகவும் சொல்லியே நமக்குப் பழக்கம். குறிபார்ப்பவரின் கண்ணால் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வீடளவு பெரிய இலக்கு, பயிற்சி பெற்ற கப்பற்படை, கையில் வெளிச்சம். இத்தனை வசதி இருந்தும் எல்லாக் குண்டுகளும் தொட்டியில் விழவில்லை. தாண்டிப் போனவற்றில் ஒன்று விழுந்ததை உயர் நீதிமன்ற மதிலில் பதித்த கல் இன்றும் சொல்கிறது. போர்ப் பீரங்கியையும் விளையாட்டுத் துப்பாக்கியையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கலாம். நோக்கம் வேறு, அளவு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூரம் கூடக்கூடச் சிதறல் விரியும், இலக்கைத் தவறவிட்டது பின்னால் இருப்பவரிடம் போய்ச் சேரும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. அந்த இரவில் இலக்குக்குப் பின்னால் இருந்தது ஒரு நகரம்.

இன்று அந்த நகரம் எண்ணூர் வரை நீண்டுவிட்டது. புது வண்ணாரப்பேட்டையில் தரைக்கு மேல் எழும் மெட்ரோ ரயிலின் சன்னலிலிருந்து விம்கோ நகர் வரை பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆளில்லாத கீற்று ஒன்றுகூடக் கண்ணில் படாது. மாடிக்கு மாடி தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, அதற்கப்பால் தொழிற்சாலைக் கூரை, அதற்கப்பால் கடல். திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டின் பழைய தொழிற்சாலை இருக்கிறது. 1950களில் புல்லட் மோட்டார் சைக்கிளை இந்தியாவில் தயாரிக்க வந்த இடம். அந்த நிறுவனத்தின் மூதாதையர் இங்கிலாந்தில் என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்து கொடுத்தவர்கள். பெயரும் பீரங்கிச் சின்னமும் அந்த வழியில் வந்தவை. அதே தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைத்தான் பிஸ்லியில் பல பத்தாண்டுகள் தோளில் சாய்த்துச் சுட்டார்கள். இந்த உறவை நினைக்கும்போது மனம் மகிழத்தான் செய்கிறது. அதற்காகத் திருவொற்றியூரில் ஒரு நீண்ட தளம் வேண்டும் என்று கேட்க முடியாது. வடக்கே போகப்போக இன்னும் கூடாது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, இவற்றைப் பிணைக்கும் குழாய்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்துக்கு எதிரே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூச்சுத் திணறி ஓடினார்கள். அதே மாதம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவி வலைகளையும் படகுகளையும் கருப்பாக்கியது. துப்பாக்கி எதுவும் இல்லாமலே இத்தனை ஆபத்தைச் சுமக்கும் கரை இது. இங்கே இன்னொரு ஆபத்தை, அது எவ்வளவு சிறியதானாலும், விளையாட்டின் பெயரால் சேர்ப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

கடலை நோக்கிச் சுடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி எடுத்த எடுப்பில் நியாயமாகத்தான் படுகிறது. கிழக்கே அந்தமான் வரை தண்ணீர். எந்த மண்மேட்டையும் விட அகலமான பின்புலம். ஆனால் அப்படிக் கேட்பவர்கள் கடலைக் கரையிலிருந்து மட்டும் பார்த்திருக்கிறார்கள். காசிமேட்டின் விசைப்படகுகள் தொலைவுக்குப் போகும். திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களின் ஃபைபர் படகுகளோ கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள்ளேயே வலை விடுகின்றன, பாதி இருட்டிலும் விடுகின்றன. சுடுதளத்தின் ஆபத்து எல்லை நான்கு கிலோமீட்டர் என்றால், அது அவர்களுடைய வயல் முழுவதும். அந்த வயலை மூடுவது எப்படி இருக்கும் என்பதற்கு அருகிலேயே சான்று இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காடு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். நாட்டின் விண்வெளித் திட்டத்துக்காக, எப்போதோ வரும் சில நாட்களுக்கு அந்த இழப்பு. வார இறுதி தோறும் சிலர் பலகையில் துளையிடுவதற்காக ஒரு குப்பத்தின் பிழைப்பை நிறுத்தச் சொல்வது நேர்மையான கோரிக்கை ஆகாது. துறைமுகங்களுக்கு வந்து போகும் கப்பல்களின் தடம் வேறு அதே நீரில்தான் ஓடுகிறது.

விதிகளைச் சரியாகப் பின்பற்றினால் எங்கேயும் ஆபத்தில்லை என்பது இன்னொரு வாதம். நானும் விதிகளை நம்புகிறவன்தான். அதனாலேயே நார்த்தாமலையை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று, புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலையை அடுத்த பயிற்சித் தளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அங்கே சுட்டவர்கள் விளையாட்டுக்காரர்கள் அல்லர். சீருடை அணிந்தவர்கள், பயிற்சியும் மேற்பார்வையும் உள்ளவர்கள். இடமும் பாறையும் குன்றும் உள்ள புதுக்கோட்டைக் கிராமப்புறம். அங்கேயே பின்னால் இருக்கும் நிலம் போதாமல் போனது என்றால், ஒரு சுவருக்கு அடுத்த சுவர் வீடாக இருக்கும் ராயபுரத்தில் எந்த விதி காப்பாற்றும்? தொலைதூரத் தளத்தைக் கட்டும் எவரும் பலகையை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் முன் அந்தத் தாத்தாவின் வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வடசென்னைக்கு என்ன மிச்சம்? பத்து மீட்டர் மிச்சம். இது ஆறுதலுக்குச் சொல்வது அல்ல. காற்றுத் துப்பாக்கியில் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு பத்து மீட்டர் போய் இரும்புப் பெட்டிக்குள் விழுந்து அங்கேயே நின்றுவிடும். பின்னால் வேண்டியது ஒரு சுவர், அவ்வளவுதான். பலகையின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. அறுபது குண்டுகளை 75 நிமிடத்துக்குள் சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. கனமான தோல் சட்டைக்குள் அசையாமல் நின்று, இதயத் துடிப்புகளுக்கு இடையே விசையைத் தொடும் இந்த ஆட்டத்தில்தான் 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இதில்தான். 1000 கஜத்தை நேசிப்பவர்கள் இங்கே காற்று எங்கே, கானல் எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்தக் கலை இந்த அறைக்குள் கிடைக்காது, அது உண்மையான இழப்பு. வாடைக்கும் கச்சானுக்கும் கரைக்காற்றுக்கும் வேறுபாடு தெரிந்து வளரும் பிள்ளைகளின் ஊரில் அந்த இழப்பு கூடவே உறுத்துகிறது. ஆனால் நிலையாக நிற்பது, மூச்சை அடக்குவது, விசையைப் பிசகாமல் இழுப்பது ஆகிய அடிப்படைகள் பத்து மீட்டருக்கும் ஆயிரம் கஜத்துக்கும் பொது. இவை கைவந்தவருக்குக் காற்றைப் பின்னால் சொல்லித்தர முடியும்.

சிறிய அறையில் உலகத்தரத்தை எட்ட முடியுமா என்ற சந்தேகத்துக்கு வடசென்னையே பதில் வைத்திருக்கிறது. இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஒரு அறை, ஒரு பலகை, தலைக்கு மேல் தொங்கும் ஒரு பல்பு, கொஞ்சம் பவுடர். அதிலிருந்துதான் கேரம் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். குறிபார்த்தலும் விரல் நிதானமும் இந்த ஊருக்குப் புதியவை அல்ல. வேண்டியது இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம். துறைமுகத்தை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கு, மாநகராட்சிப் பள்ளியின் ஒரு மாடி, எதுவும் போதும்.

வடசென்னையில் துப்பாக்கியா என்று முகம் சுளிப்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ரவுடிகளின் ஊர் என்று சினிமா இந்த மக்கள் மேல் ஒட்டிய முத்திரையிலிருந்து வருகிறது அந்தச் சுளிப்பு. மாலை நேரத்தில் இங்கே பிள்ளைகள் கையுறை மாட்டிக் குத்துச்சண்டை பழகுவதையும் முன்பு இப்படித்தான் பார்த்தார்கள். சுடுதளத்தில் முதல் நாள் சொல்லித்தருவது துப்பாக்கியின் வாயை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதை; உத்தரவு வரும்வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதை. குறிப்பிட்ட ஆற்றலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம்கூடச் சட்டம் கேட்பதில்லை. அப்படி இருந்தும் தளத்தின் கட்டுப்பாடு உரிமத்தை விடக் கடுமையானது. உண்மையான தடை பணம். போட்டித் தரத்துத் துப்பாக்கியின் விலை லட்சங்களில் இருக்கிறது. மீன் வண்டி தள்ளும் வீட்டில் அது நடக்காது. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துப்பாக்கி வேண்டியதில்லை, கூடத்துக்குச் சொந்தமாக நாலைந்து இருந்தால் போதும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தச் சாலையின் இருபுறமும் புகைபோக்கி வைத்திருக்கும் நிறுவனங்களிடம் அதைக் கேட்பது யாசகம் ஆகாது. புகையையும் கசிவையும் வாங்கிக்கொள்பவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். பாரிஸில் 2024இல் 50 மீட்டரில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ரயில்வே ஊழியர். ராயபுரத்தில் ரயில்வேயும் இருக்கிறது, துறைமுகமும் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கும் வழக்கமும் இவற்றுக்குப் பழையது.

ஆயிரம் கஜத்தை விரும்பும் தமிழ்நாட்டு இளைஞருக்கும் ஒரு வழி இருக்கத்தான் வேண்டும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்காக ஃபுல்போர் பந்தயத்தை நடத்தியபோது நகருக்குள் இடம் தேடவில்லை. குருகிராமை அடுத்த கதர்பூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் தளத்துக்குப் போனார்கள். இங்கேயும் உள்நாட்டில், பின்னால் மலை நிற்கும் ஒரு நிலத்தில், சுற்றியுள்ள ஊராட்சிகளின் சம்மதத்தோடு ஒரு தளத்தை அரசு கட்டலாம். மலைக்கு அந்தப் பக்கம் யார் ஆடு மேய்க்கிறார்கள், எந்தப் பாதையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்று அளந்து எழுதிய பிறகு முதல் பலகையை நட வேண்டும். ராயபுரத்துக் கூடத்தில் ஐந்தாறு வருடம் பழகிய ஒருவர் அங்கே போய்த் தொலைநோக்கியில் கானலைப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.